முதுகில் ஒட்டும் எண்

ஒலுவில் கடல் இந்த வருடமும்
நாலு தென்னையை இழுத்துக்கொண்டு போன கிழமை
லண்டனிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
ஓய்வுபெற்ற யாரோ பேராசிரியர்
வீடு மாறுகிறாராம்.
சுங்கத்தில் இரண்டு மாதம் கிடந்து
கரப்பானும் ஈரமுமாக
பல்கலைக்கழக நூலகத்தில் என் மேசைக்கு ஏறியது.

என் வேலை எண் போடுவது.
ஆங்கில நாவலென்றால் 823.
தமிழ்க் கவிதையென்றால் 894,
பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் நீளமாய் ஒரு வால்.
வெட்டி, பசை பூசி
முதுகில் ஒட்டினால்
புத்தகத்துக்கு ஊர் கிடைத்துவிடும்.

ஒன்பதாவது, லியா கோர்ன்ஃபெல்டுடையது.
கிழக்கு லண்டன்காரி. தகப்பன்
மற்றவர்களின் மேலங்கிக்கு
உள்துணி வைத்துத் தைத்தவன்.
வெளியே தெரியாத துணிதான் குளிர் தாங்குகிறது என்று
முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறாள்.
பெயரில் பாதி போதாதா என்று
பதிப்பாளர் கேட்டிருக்க வேண்டும்;
அட்டையில் அவள் லீ கோர்ன்.
பின்னட்டையில் ஒரு விமர்சகர்:
'வியக்கவைக்கும் ஆங்கிலம்.'

அந்த வியப்பை நான் அறிவேன்.
மட்டக்களப்பில் என் தொகுப்பு வெளியான அன்று
பிரதம விருந்தினர் பொன்னாடையை இழுத்துவிட்டபடி சொன்னார்:
'முஸ்லிம் பெண். என்றாலும் என்ன அழகான தமிழ்!'
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன் என்பதைத்தான்
இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

லியாவின் முதுகில் ஏற்கெனவே ஒரு எண்,
அங்கே எவரோ ஒட்டியது: 296.
யூத மதம்.
நாவலில் ஒரு பிரார்த்தனைகூட இல்லை.
வாடகை இருக்கிறது, இருமல் இருக்கிறது,
பஸ்ஸில் ஒருவன் அவள் கைப் பத்திரிகையின்
எழுத்தைப் பார்த்துவிட்டு
எழும்பி வேறிடம் போவது இருக்கிறது.
தேம்ஸின் மேல் மழை விழுவதை
ஒன்றரைப் பக்கத்துக்குப் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள்.
அது இங்கிலாந்து மழை இல்லாமல் வேறென்ன?

சிரிப்பு வந்தது.
என் புத்தகம் மட்டக்களப்பு நூலகத்தில்
297இல் நிற்கிறது,
நோன்பின் சட்டங்களுக்கும் ஹஜ் வழிகாட்டிக்கும் நடுவில்.
உள்ளே முழுக்க நண்டும் சைக்கிளும்
தலாக் ஆன ஒருத்தியின் ஞாயிற்றுக்கிழமைகளும்.
உலகத்தில் எங்காவது ஒரு தட்டில்
நானும் லியாவும் அடுத்தடுத்து நிற்கக்கூடும்,
இருவரும் நிற்கத் தேவையில்லாத இடத்தில்.

பழைய எண்ணை நகத்தால் சுரண்டினேன்.
823 வைத்தேன்.
தவநேசன் எட்டிப் பார்த்தான்:
'இங்கிலீஷ்காரருக்குப் பக்கத்திலயா?
அவங்க சம்மதிப்பாங்களா மறுகா?'

பிறகு ஒரு பின்னேரம்
இரவல் மேசைக்கு நப்ரீஸ் வந்தான், மூன்றாம் வருடம்.
கைத்தொலைபேசியில் காஸா.
இடிந்த சுவர், அடியில் ஒற்றைச் சின்னச் செருப்பு.
'யூதர்ட புத்தகம் எங்களுக்கு எதுக்கு மிஸ்?'

செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்தக் கரையிலும் பெயரைக் கேட்டுத்தான்
பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்,
எல்லாரையும், எல்லாரும், முறைவைத்து.
நப்ரீஸ் அப்போது பிறக்கவில்லை.
'முப்பத்தெட்டில் எழுதினது' என்றேன்.
அது பதில் இல்லை என்று
அவனுக்கும் தெரிந்தது.

மறுநாள் தட்டில் புத்தகம் இல்லை.
பதிவேட்டில் அவன் இலக்கம்.

மூன்று கிழமை பிந்தி வந்தது.
தண்டம் நாற்பத்திரண்டு ரூபா,
சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனான்.
தொண்ணூற்றோராம் பக்கத்தில்
அக்கரைப்பற்று பஸ் டிக்கெட் ஒன்று.
வீட்டுக்காரி கேட்கிற பக்கம்:
'அது சரி, உண்மையில் நீ எந்த ஊர்?'
லியா சொல்கிறாள்:
'மாடிப்படி ஏறினால், இடப்பக்க அறை.'

டிக்கெட்டை எடுக்கவில்லை.
எண் மட்டும் ஒரு மூலையில்
கிளம்பத் தொடங்கியிருந்தது.
இங்கே உப்புக்காற்று,
எந்தப் பசையும் நெடுநாள் நிற்காது.