தொழில் என்ற கட்டம்

மூன்றே ஆட்டம், நான்கு கோல்.
பிறகு போர் வந்து லீக்கை நிறுத்திற்று.
அந்த மூன்றும் கணக்கில் இல்லையென்று
ஏதோ ஓர் அறையிலிருந்து அழித்துவிட்டார்களாம்.
கொம்பனித்தெரு முனையில்
பிளேன்டீயை ஊதிக்கொண்டு சொன்னான் பெர்சி ஹால்டன்,
பீரங்கிப் படை, வயது இருபத்தாறு.
"நல்ல வயது" என்றான். எதற்கென்று சொல்லவில்லை.

ஞாயிறுகளில் பாசறைத் திடல்.
மலாய்ப் பெடியள் வெறுங்காலோடு
அவனைச் சுற்றிச் சுற்றி ஓட
நான் கோல் காத்தேன்.
ஒரு பந்து, இடக்காலால்.
கடற்காற்று அதைக் கொஞ்சம் வளைத்ததென்று
இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.
மடங்கிய சுண்டுவிரல்
மடங்கியதுதான்.

நாற்பத்தைந்து, கார்த்திகை மழை.
துறைமுகக் கந்தோரில்
கப்பலேறுகிறவர்களின் வரிசை.
பெயர், எண், ஊர் எல்லாம் தட்டிவிட்டு
"தொழில்?" என்றேன், தலை நிமிராமல்.
பதிலில்லை.
பார்த்தால், அவன்.
முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றான்.
"லிகிதரெண்டு போடு,
உன்னைப்போல."

நான் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன்.
சிரித்தான்.
பின்னால் நின்றவன் செருமினான்.

தட்டினேன்,
அவன் சொன்னபடியே,
ஒன்பது விரலால்.