இருவருக்கும் ஐந்து ஒன்பது

யீஷூனில் பதினொன்றாவது மாடி.
துணி காயப்போடும் மூங்கில் கழியில்
ஏழு மீட்டர் செம்புக் கம்பி கட்டியிருக்கிறேன்.
நகர மன்றம் கேட்டால் கொடி என்பேன்.
பொய்யில்லை, இரண்டு துண்டும் தொங்குகிறது.

ஏழு மணி. லிம் சூ காங் பக்கம் சூரியன் இறங்கியாயிற்று.
மேலே முந்நூறு கிலோமீட்டரில்
பகலெல்லாம் வெயில் அடித்துப் பிய்த்த காற்று
இன்னும் ஆறவில்லை.
அணுவை விட்டு ஓடிய எலக்ட்ரான்கள்
வீடு திரும்ப மனமின்றித் திரிகின்றன.
அந்தக் கூட்டம்தான் என் குரலைப் பிடிக்கிறது.

கண்ணாடி என்று எழுதுகிறார்கள்.
கண்ணாடியில் மோதினால் உடனே திரும்பிவிடலாம்.
இங்கே அலை உள்ளே நுழைகிறது,
கொஞ்சம் சாய்கிறது, இன்னும் கொஞ்சம்,
தனக்கே தெரியாமல்
திரும்பி முடித்திருக்கும்.
எனக்கும் சிவபாதத்துக்கும் அப்படித்தான் ஆனது.
சண்டை என்று சொல்ல ஒரு நாள்கூட இல்லை.

உரிமத் தேர்வுக்கு ஒரே புத்தகத்தில் படித்தோம்.
பிரிந்தபோது மோர்ஸ் சாவி அவருக்கு,
புத்தகமும் கம்பிச் சுருளும் எனக்கு.
பிடோக்கில் இருக்கிறார். ரயில் மாறினால் ஒரு மணி நேரம்.

சப்போரோவிலிருந்து மியாகே பதில் தருகிறார்.
பனி இடுப்பளவு என்கிறார்.
இங்கே மின்விசிறி மூன்றில் ஓடுகிறது என்கிறேன்.
பிறகு, தயங்கி:
"உங்கள் ஊரிலிருந்து இன்னொருவர்,
இதே அலைவரிசையில், இப்போதுதான் பேசினார்.
உங்களுக்குக் கேட்கவில்லையா?"
இல்லை.
"அவருக்கும் நீங்கள் கேட்பதில்லையாம்.
இருவருக்கும் ஐந்து ஒன்பது. துல்லியம்."

ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரே காதில் அடுத்தடுத்து விழுகிறோம்.
அலை தாவிக் கடக்கும் தூரத்தில்
யாருக்கும் ஒன்றும் கேட்காது.
அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது இந்தத் தீவு முழுக்க:
அவருடைய சன்னல், என் கழி,
இடையே குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சல்.

எட்டேகால். நிலநடுக்கோட்டு வானத்துக்கு ஒரு குணம்:
இருட்டியதும் அடுக்கு எழும்பும்,
அடியிலிருந்து குமிழிகள் கிளம்பும்
உலைத் தண்ணீர் மாதிரி.
மியாகேயின் குரல் நடுங்கி, துண்டு துண்டாகி,
"பனி" என்ற சொல்லோடு நின்றது.

புத்தகத்தில் ஒரு பக்கம் மடித்திருந்தோம்.
பக்கத்து ஊரோடு பேச வேண்டுமானால்
நேர் மேலே அனுப்பு.
உயர்ந்த அதிர்வெண் துளைத்துக்கொண்டு போய்விடும்,
நட்சத்திரங்களுக்கு நம் பேச்சு எதற்கு.
ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கு.
பகலில் கீழடுக்கு தின்றுவிடும், இரவு வரட்டும்.
அப்போது தூறல்போல் இங்கேயே விழும்.
ஓரத்தில் பென்சிலில்: தணித்துப் பேசு.
யார் கையெழுத்து என்று தெரியவில்லை.

தணிய வேண்டுமானால் கம்பி நீள வேண்டும்.
இருபது மீட்டர்.
சன்னலிலிருந்து கூடம் வழியாக,
அரிசிப் பானைக்கு மேலாக, குளியலறைக் கதவைத் தாண்டி,
மீதி வெளியே தாழ்வாரத்தில் செடித்தொட்டிகளின் தலைக்கு மேல்.
எதிர்வீட்டு மிஸஸ் கோ எட்டிப் பார்த்தார்.
துணி என்றேன்.
இந்நேரத்திலா என்றார்.

பதிவேட்டில் இடம் என்ற பத்தி:
இத்தனை வருடமாகப் பெர்த், கொழும்பு, சப்போரோ.
கீழே பிடோக் என்று எழுதிவைத்தேன்.
நேரம் 9.40.
தரம் என்ற கட்டம் காலி.
லிஃப்ட் ஏறி வரும் உறுமல்.
அது நிற்கட்டும் என்று காத்திருந்து
பொத்தானை அழுத்தினேன்.