நீலச் சாயம்

தொட்டி மூடியைப் புரட்டினால் தேதி இருக்கும்.
சூளைக்குப் போகுமுன் ஈரக் களியில்
யாரோ அழுத்திவிட்டுப் போன எண்கள்.
வில்மா ஸ்ட்ராண்ட் வீட்டில் 1957, நவம்பர் 4.
"என்னைவிட எட்டு மாதம் மூத்தது,
என்னைவிடச் சத்தமும் அதிகம்"
என்று வாசலில் நின்று பீங்கானுக்கு விடைகொடுத்தாள்,
கையில் பாதி போட்ட குறுக்கெழுத்துடன்.

டூசான் தண்ணீர்த் துறையில் என் வேலை இவ்வளவுதான்:
பழையது பழையதுதானா,
புதியது புதியதுதானா
பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
ஒருமுறை அழுத்தினால் ஐந்து கேலன் போன இடத்தில்
இனி ஒன்றேகால்.
வித்தியாசத்துக்கு நகரம் எழுபத்தைந்து டாலர் தரும்,
அதுவும் கையில் அல்ல,
அடுத்த மாதத் தண்ணீர் பில்லில் கழித்து.
பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிற ஊர்கள் இருக்கலாம்.
இங்கே ஆற்றுக்குப் பெயர் இருக்கிறது, பாலம் இருக்கிறது,
நீந்தாதீர் என்றொரு பலகைகூட.

கழற்றியவை எல்லாம் கிழக்குக் கிடங்குக்கு வரும்.
நசுக்கப்படும்வரை
வெயிலைப் பார்த்தபடி வரிசையாய் நிற்கும்:
வெளிர் ரோஜா, அவகாடோப் பச்சை,
ஒரு காலத்தில் யாரோ கடைகடையாய் அலைந்து
தேர்ந்தெடுத்த கடுகு மஞ்சள்.
ஜூலையில் முதல் மழை கொட்டிய மறுநாள்
நானூறு கோப்பைகளும் நிரம்பியிருந்தன.
விளிம்பில் அமர்ந்து புறாக்கள் குடித்தன.
கிடங்குக்கார டெல்பர்ட்
மதியம்வரை இயந்திரத்தை ஓட்டவில்லை.
கேட்டதற்கு பெல்ட் சரியில்லை என்றார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது,
யூசேபியோ கின்டானா கவுண்டருக்கு வரும்வரை.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
நகர எல்லை முடிந்து மூன்று மைல் தள்ளி அவர் டிரெய்லர்.
குழாய் அதுவரை போகவில்லை.
சனிக்கிழமைதோறும்
காசு போட்டுப் பிடிக்கும் நிலையத்திலிருந்து
வண்டியில் இரண்டு பீப்பாய்.
பாத்திரம் கழுவிய நீர் வாளிக்கு,
வாளி நீர் கழிப்பறைக்கு.
நாளுக்கு ஒரு வாளி,
விருந்தாளி வந்தால் ஒன்றரை.
"இருபத்திரண்டு வருடமாய்ச் சேமிக்கிறேன்.
எனக்கு எவ்வளவு வரும்?"

கேலியில்லை. கணக்குத்தான் கேட்டார்.
இல்லாத பக்கத்தைத் தேடுவதுபோல்
படிவத்தைப் புரட்டினேன்.
பழைய தொட்டியின் ஆண்டு,
வாடிக்கையாளர் எண்,
முன்பு செலவானது, இனிச் செலவாவது.
வீணாக்கியவர் குறைத்துக்கொண்டால் பரிசு.
வீணாக்கவே வாய்க்காதவருக்கு
ஒரு கட்டம்கூட இல்லை.
மன்னிக்கணும் என்றேன்.
பரவாயில்லை, கேட்டுப் பார்த்தேன் என்றார்.
போகிற வழியில் கூலரில்
காகிதக் குவளை பாதி பிடித்துக் குடித்தார்.
அடியில் நின்ற சொட்டை
சன்னலோரக் கள்ளிக்கு ஊற்றினார்.

அன்றிரவு, பையில் மிஞ்சிய சாய மாத்திரை ஒன்றை
என் வாடகை வீட்டுத் தொட்டியில் போட்டேன்.
விதி எளிது.
பதினைந்து நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும்.
கோப்பை வெள்ளையாகவே இருந்தால் கசிவில்லை.
பல் துலக்கினேன்.
வீட்டுக்காரர் ஹாக்கனுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.
சலுகை உரிமையாளருக்கு,
தண்ணீர் பில் குடியிருப்பவளுக்கு,
அவருக்கென்ன அவசரம்.

நாலாவது நிமிடமே
யாரும் அழுத்தாமல்
நீலம் இறங்கிக்கொண்டிருந்தது,
மெதுவாக, சத்தமே இல்லாமல்,
வெகுநாளாய் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு
இப்போதுதான் நிறம் கிடைத்ததுபோல.

தொட்டி விளிம்பில் கைவைத்து
நின்றபடியே கணக்குப் போட்டேன்.
சனிக்கிழமைக்குள்
இரண்டு பீப்பாய் தேறும்.