ஆரம்

பதினேழாம் பக்கம், பிரிவு ஒன்பது, (ஆ):
உரிமம் முடிந்த நாள்தொட்டு இருபத்துநான்கு மாதம்,
கடை இருந்த இடத்தை மையமாகக் கொண்ட
ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்குள்
தேநீர், தேநீர் சார்ந்தது, தேநீர் போன்றது எதையும்
நேரடியாகவோ மறைமுகமாகவோ
தன் பெயரிலோ கணவர் பெயரிலோ பினாமி பெயரிலோ...
கீழே, ஜெ. சலோமி.
பேனாவும் அவர்கள் கொடுத்ததுதான்.

திறப்பு விழாவில் போட்ட சாமந்தி ஆரம்
மூன்றாம் நாள் குப்பை வண்டியில் போனது.
இது மட்டும் கழுத்தைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறது.

ராயல்டி எட்டு, விளம்பரத்துக்கு இரண்டு,
பொடி விலை மூன்று முறை ஏறி
ஒரு கிளாசுக்கு எனக்கு நின்றது எண்பது பைசா.
போதும் சாமி என்றேன்.
போர்டு, பாய்லர், சிவப்புக் குடை எல்லாம் ஏற்றிக்கொண்டார்கள்.
சுவரில் நாலு ஆணித் துளை.
அதை எந்தப் பட்டியலிலும் காணோம்.

தம்பு செட்டி தெரு மாடியில் வக்கீல்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சொன்னார்:
"இந்த ஷரத்து செல்லாதும்மா.
ஆனா, செல்லாதுன்னு தீர்ப்பு வர
ஆறு வருசம் செல்லும்."
நான் நீட்டிய ஐநூறு செல்லுமா என்று
டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார்.

இணைப்பு மூன்று, 'வணிக ரகசியம்':
சுக்கு மூன்று பங்கு, ஏலம் ஒன்று, இறக்கும்போது தட்டிய மிளகு இரண்டு.
ஒரு புயல் ராத்திரி
துறைமுக வரிசையில் நின்ற கண்டெய்னர் டிரைவர்களுக்கு
நான் போட்ட கணக்கு அது.
ஏரியா மேனேஜர் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்து
போனில் குறித்துக்கொண்டான்.
இப்போது அதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது.
என்னிடமே சொல்லலாமா,
பிரிவு தெளிவாக இல்லை.

மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் எடுத்தேன்.
தண்டையார்பேட்டையில் ஊசியைக் குத்தி
ஒரு சுற்றுச் சுற்றினேன்.
மின்ட் உள்ளே, கொருக்குப்பேட்டை கேட் உள்ளே,
வியாசர்பாடி உள்ளே, தேரடி உள்ளே,
என் கல்யாணம் நடந்த சர்ச், கல்லறை, ரேஷன் கடை உள்ளே.
கிழக்கே மட்டும் பென்சில்
ரோட்டைத் தாண்டி, கல்லுக்கரையைத் தாண்டி
வெறும் நீலத்தில் போய்க்கொண்டே இருந்தது.
கிட்டத்தட்ட பாதி வட்டம் கடல்.
அங்கே எனக்குப் போட்டியாக நான் என்ன விற்பேன் என்று
கோயம்புத்தூரில் உட்கார்ந்து யார் பயந்தார்களோ.

அப்புறம்தான் அந்தப் பென்சில் கோட்டுக்கு
அந்தப் பக்கமும் கொஞ்சம் நீலம் இருப்பது தெரிந்தது.

விடிகாலை இரண்டு மணி. வீட்டு அடுப்பு.
காசிமேட்டிலிருந்து பதினோரு ஃபைபர் போட்டு போகிறது,
பதினோரு பிளாஸ்க்.
"எட்டு கிலோமீட்டர் தாண்டித்தான் தொறப்போம்க்கா,"
எத்திராஜ் சத்தியம் பண்ணுகிறான்,
பாதி வழியிலேயே தொறப்பான், எனக்குத் தெரியாதா.
காசு வாங்குவதில்லை.
பிளாஸ்க் திரும்பும்போது கூடவே ஒரு பை வரும்:
ஒரு நாள் நெத்திலி, ஒரு நாள் காரப்பொடி,
கலைவலை நாளில் ஒன்றுமில்லை,
உப்புத் தண்ணீர் சொட்டும் பிளாஸ்க் மட்டும்.

நேற்று கம்பெனி ஆள் வந்தான்.
வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தான்.
குழாயடியில் உட்கார்ந்திருந்தேன்,
முழங்கை வரை செதில்.
"என்ன பண்றீங்க மேடம்?"
மீன் கழுவறேன் என்றேன்.