கால்சோய்க்கு மேற்கே கடலைக் காணோம்

விடியற்காலை நாலே கால். கிளாக்ஸ்விக் துறைமுகம்.
ஃபோனை எடுத்ததும் ட்ரோந்தூர்:
"மர்யூன், உன் வரைபடத்தில்
கால்சோய்த் தீவுக்கு மேற்கே கடலைக் காணோம்."

பார்த்தேன். காணோம்தான்.
சுற்றிலும் அலையின் உயரம் பச்சையாய், நீலமாய்;
அந்த ஒரு கட்டம் மட்டும்
பால் சிந்தித் துடைக்காமல் விட்டது போல.

கடல் எங்கேயும் போய்விடவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
படகுகளை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டுதான் இருந்தது.

முந்தாநாள் ஐந்தாம் பிராசஸரை நிறுத்தியது நான்.
ஒரு வாரமாகவே அது
எதையாவது தவறவிட்டுத்
தானே திருத்திக்கொண்டிருந்தது.
அதன் கோப்பில் ஒரு பூஜ்யம் எழுதினேன், அவ்வளவுதான்.
விசிறியின் இரைச்சல்கூட மாறவில்லை.

கெர்னலிடம் போனேன்.
எத்தனை பேர் இருக்கக்கூடும்?
0-127, என்றது.
யாரும் வாங்கித் தராத, தரவும் போகாத
நூற்றிருபது பேருக்கும் சேர்த்து
இலை போட்டு வைத்திருக்கிறது.
வந்திருப்பவர்கள்?
0-7.
விழித்திருப்பவர்கள்?
0-4,6-7.

மூன்றும் மெய்.
மூன்றாவதில் இருந்த காற்புள்ளியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறு நகர்ந்து ஐந்தாகவில்லை,
ஏழும் கிட்டே வந்து உட்காரவில்லை.
இடைவெளியை மூடி மறைக்காமல்
ஒரு சின்னக் கீறல் போட்டு
அப்படியே காட்டிவிட்டது.

பிழை எங்கள் நிரலில்.
எழுதிய சுன்னுவா பிரசவ விடுப்பில் இருக்கிறாள்,
இந்நேரத்துக்கு எழுப்ப முடியாது; அல்லது விழித்தே இருப்பாள்.
அவள் கடைசி எண்ணை மட்டும் பார்த்திருக்கிறாள்: ஏழு.
பூஜ்யத்தையும் சேர்த்து எட்டு என்று
கடலை எட்டாக அறுத்து
ஆளுக்கொரு துண்டு.
ஐந்துக்குரியதை நீட்டியபோது
அப்படி ஒருவர் இப்போது இல்லை என்று
கெர்னல் சொல்லியிருக்கிறது.
சொன்னதைக் காதில் வாங்க
அவள் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

ட்ரோந்தூரிடம் சொன்னேன். சற்றே மௌனம்.
பிறகு, "எங்கள் எட்டாள் படகு கதைதான்" என்றான்.
"கொட்டகைப் பலகையில் எட்டாள் படகு என்றுதான் இருக்கிறது.
ஐந்தாம் துடுப்பு ஹோகுனுடையது. அவன் டென்மார்க்கில்
காற்றாலைக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருக்கிறான்.
போன ஞாயிறு ஏழு பேராய் இறங்கினோம்,
படகு ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டே போயிற்று."
"யாரையாவது அந்த இடத்தில் உட்காரவைக்கலாமே?"
"வைத்தால் அவன் இடம் காலி.
உனக்குக் கணக்கு வராதா, மர்யூன்?"

கடைசி எண்ணைக் கேட்காமல் தலைகளை எண்ணும்படி
வரியை மாற்றினேன். ஏழு வரவேண்டும்.
ஆறு வந்தது.

மறுபடி எண்ணினேன். ஆறுதான்.
அப்புறம் உறைத்தது: இந்தமுறை நான் கேட்டது
எத்தனை பேர் என்றல்ல, எனக்கு எத்தனை என்று.
பூஜ்யத்தைப் போன குளிர்காலத்தில்
கரையோர வானொலிக்கு ஒதுக்கியிருந்தேன்.
செய்தது நான், மறந்ததும் நான்;
அதற்கு மட்டும் நினைவிருக்கிறது.
சுன்னுவாவின் எட்டு துண்டில் ஒன்று
இத்தனை மாதமும் அங்கே அத்துமீறிக் குடியிருந்திருக்கிறது.
வானொலி ஏன் இழுத்து இழுத்துப் பேசியது என்று
மூன்று பேர் ஆன்டெனாவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

கடலை ஆறாக அறுத்தேன்.
ஐந்து இருபதுக்கு, வெள்ளை இருந்த இடத்தில்
கரும்பச்சை ஏறியது.

"மேற்கே நாலரை மீட்டர்" என்றேன்.
"தெரியும். முதுகெலும்பு நேற்றே சொல்லிவிட்டது.
எங்கே போச்சு என்றுதானே கேட்டேன்"
என்று வைத்துவிட்டான்.