நான்காவது சேனல்

மிக்ஸரில் நான்காவது சேனலை ஒட்டி
நகப்பூச்சில் ஒரு சிவப்புக் கோடு.
இதற்கு மேல் என்னை ஏற்றாதே என்று
வெரோனிக்கா அட்டியெனோ போட்டது.
கிசுமுக்காரி. மனாமாவில், ஹூரா பக்கம்,
பெயர் மூன்று முறை மாறிய ஓட்டலின் இரண்டாம் மாடியில்
பதினேழு வருஷம் சோல் பாடினாள்.

அவள் மூச்சிழுக்கும் சத்தம் ஸ்பீக்கரில் விழுகிறதென்று
வந்த புதிதில் நான் அதை வெட்டிவிட்டேன்.
இடைவேளையில் வந்து நின்றாள்.
எங்களிடம் பொறுக்கிய ஒரே சொல்லில் தொடங்கினாள்:
"தம்பி,
பாட்டெல்லாம் யாரோ எழுதியது.
மூச்சுதான் என்னுடையது. திருப்பிக் கொடு."
கொடுத்தேன்.

வியாழன் இரவு பாலம் தாண்டி வருவார்கள்,
சட்டைப் பையில் மடிப்புக் கலையாத ரியால்கள்.
அவர்கள் கேட்டதையெல்லாம் பாடுவாள்.
கடைசிப் பாட்டை மட்டும்
சமையலறைக் கதவைப் பார்த்துப் பாடுவாள்.
கதவை முழங்காலால் தள்ளிப் பிடித்திருப்பான் லோக்ராஜ்,
முழங்கை வரை சோப்பு நுரை.
அவனுடைய ஆங்கிலம் மொத்தமும் அவள் போட்டது:
பொறு. மன்னித்துவிடு. போகாதே.
விசா கவுண்டரில் அதிகாரி ஏதோ கேட்க
மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறான்.
அவர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினாராம்.

ரமலானில் ஓட்டலில் பாட்டு கிடையாது.
அந்த மாதம் பார்த்து சல்மானியாவில் படுத்தாள்.
நுரையீரல்.
பதினோராம் நாள் முடிந்தது.
மேடைக்குத் துணி போர்த்தியிருந்தது,
யாருக்கும் லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

நைரோபிக்கான சரக்குச் சீட்டில்
தொழில் என்ற இடத்தில் "ஓட்டல் ஊழியர்".
லோக்ராஜ் பேனா கேட்டான்.
அடித்தல் திருத்தல் கூடாது என்றார்கள்.

ஈதுக்குப் பிறகு செபூவிலிருந்து மேரிசெல் வந்தாள்.
நல்ல குரல். அவள் எட்டாத இடமெல்லாம் எட்டுகிறது.
ஒலிச் சோதனையின்போது கோட்டைப் பார்த்து
என்ன கறை இது, அசிட்டோன் இருக்கிறது, தரட்டுமா என்றாள்.
கறையில்லை, அளவு என்றேன்.
யாருடைய அளவு என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் கடைசிப் பாட்டில்
மேரிசெல் மெல்லத் திரும்பினாள் கதவுப் பக்கம்.
ஒருவேளை அங்கிருந்து காற்று வந்திருக்கலாம்.
ஒருவேளை மேடையின் பலகையே
அந்தப் பக்கம் தேய்ந்து சரிந்திருக்கலாம்.
பதினேழு வருஷம் ஒரே குதிகால்.
லோக்ராஜ் கையிலிருந்த தட்டை வைக்கவுமில்லை, கழுவவுமில்லை.
பார்க்காரர் ஐஸை எடுத்துவிட்டு
கிளாஸில் போடாமல் நின்றார்,
அந்த வரிக்கு முன்னால் எப்போதும் நிற்பது போல.
கோடு வரை ஏற்றினேன்.
அதற்கு மேல் விரல் போகவில்லை.

நேற்று ஆம்பூரிலிருந்து மனைவி போனில் கேட்டாள்:
"கொஞ்ச நாளாப் பாக்குறேன்,
எதைச் சொல்றதுக்கு முன்னாடியும்
பெருசா மூச்சு இழுக்குறீங்க.
கெட்ட சேதியோன்னு வயிறு கலங்குது."

அதெல்லாம் இல்லை என்றேன்.
இங்க எல்லாரும் இப்படித்தான்.