ஐந்து கிராம்

டிக்பி துறைமுகத்தில், வலைக்கடைக்கு மேல்மாடியில்
அவள் அறை. படியெல்லாம் சிப்பி வாடை.
"காலணியை மட்டும் கழற்றுங்கள்" என்றாள் மார்செலின் கோமோ.
சட்டை இருக்கலாம்.
சந்தேகமும் இருக்கலாம்.

பதினோரு மாதத் தலைவலி,
அளவுமானிக் கூண்டின் இரும்புக் கதவு
காற்றில் அறைந்த நாளிலிருந்து.
டாக்டர் ஹென்னிகர் படம் எடுத்தார், மாத்திரை தந்தார்.
இதைப் பற்றிக் கேட்டதும் தோளைக் குலுக்கினார்:
"நிரூபணம் என்று பெரிதாக இல்லை.
போவதென்றால் போ. மாத்திரையை நிறுத்தாதே."

என் உள்ளங்கையில் அவள் ஒரு நாணயம் வைத்தாள்,
அமெரிக்க ஐந்து சென்ட்.
"நம்முடையது எடை குறைவு. இது சரியாக ஐந்து கிராம்.
இதற்கு மேல் அழுத்த மாட்டேன்."

படுத்தேன்.
பிடரிக்குக் கீழே விரல்கள் வந்து தங்கின.
பிசையவில்லை, நீவவில்லை,
சும்மா இருந்தன.

"மண்டையிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரு நீர்;
அதற்கும் ஓதம் உண்டு என்பார்கள் எங்கள் ஆட்கள்,
நிமிடத்துக்கு எட்டோ பத்தோ."

ஓதமா!
இருபத்தாறு வருடமாய்
ஃபண்டி விரிகுடா ஆறு மணி நேரத்தில்
எட்டு மீட்டர் ஏறுவதைக் குறித்துவைக்கிறவனிடமா?
கண்ணை மூடி எண்ணினேன்.
கீழே யாரோ ஐஸ் கொட்டினார்கள்.
ஒரு கடற்காகம் கூரையில் நடந்தது.
ஓதம் எதுவும் தட்டுப்படவில்லை.

எண்ணிக்கை எங்கே விட்டுப்போனதென்று தெரியாது.

எங்கள் அளவுமானி ஒரு குழாய்க்குள் இருக்கிறது.
அடியில் விரல் நுழையாத ஒற்றைத் துளை.
புயல் வெளியே மோதிக்கொண்டிருக்கும்;
அலைக்கு அந்தத் துளையில் வழி கிடையாது.
உள்ளே நீர் மட்டும்
அவசரமில்லாமல் ஏறும்.
நாற்பது நிமிடம் என்னை யாரோ
அதற்குள் இறக்கிவைத்திருந்தார்கள்.

எழுந்தபோது கன்னத்தில் எச்சில் காய்ந்திருந்தது.
"தூங்கிவிட்டீர்கள்" என்றாள், வெற்றி தொனிக்காமல்.
"சரியாகிவிடுமா?"
"தெரியாது."
அந்த ஒரு சொல்லுக்காகவே பணத்தைக் குறைக்காமல் கொடுத்தேன்.

மறுநாள் வலி வந்தது,
வழக்கமான நேரத்துக்கு ஐம்பது நிமிடம் பிந்தி.
ஓதமும் தினம் அவ்வளவுதான் பிந்தும்.
இதை நிரூபணம் என்று
எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டேன்.

நாணயம் என் கோட்டுப் பையிலேயே வந்துவிட்டது.
திருப்பித் தர வேண்டும்.
வியாழக்கிழமை, மூன்று மணி.